கஞ்சிக்கு ஓகே சொல்கிறவர்

“ஓகே... ஓகே... ஓகே ஓகே... ஓகேப்பா, ஓகே.”

புதினாக் கட்டைத் தண்ணீரில் முக்கி உதறிக்கொண்டே, காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிய கைப்பேசியில் பானுமதி இப்படித்தான் பேச்சை முடிப்பார். முடிப்பார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கடைசி ஓகேக்குப் பிறகும் ஒரு ஓகே வரும். எதிர்முனையில் இருப்பவர் அலுத்துப்போய் வைத்தால்தான் உண்டு. “நீ ஓகே சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் சோறு வடிச்சு எறக்கிடலாம்மா” என்று சேலத்தில் இருக்கும் மகள் கேலி செய்வாள். அதற்கும் ஓகேதான் பதில்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் ஒரு பள்ளிவாசல் தெரு. தெரு முனையில் இரண்டு கூடை, ஓர் ஈரச் சாக்கு, கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய குடை. இவ்வளவுதான் பானுமதியின் கடை. கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை தவிர வேறெதையும் அவர் விற்பதில்லை. வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர்ப் பக்கம். விடியலில் காந்தி மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கெடுத்து, வெயில் ஏறுவதற்குள் குடையை விரித்துவிடுவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆங்கிலத்தில் பஸ், டிக்கெட், போன் எல்லாம் எல்லாரையும் போல அவர் வாயிலும் புழங்கும். ஆனால் உழைக்கிற சொல் ஒன்றே ஒன்றுதான். பாவம், அந்த ஒன்றைப் போட்டு அவர் வாங்குகிற வேலை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சொல் அவரிடம் வந்து சேர்ந்ததே ஒரு வண்டிக்குப் பின்னால் நின்றபோதுதான். கணவர் ரெங்கராஜ் அப்போது காய்கறி ஏற்றுகிற மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மார்க்கெட் சந்துக்குள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, கட்டிக்கொண்டு வந்த புதிதில் பானுமதிதான் இறங்கி நின்று, “வரலாம், வரலாம், இன்னும் வரலாம்... ஓகே!” என்று கத்துவார். ஓகே என்றால் நிறுத்து. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு தேங்காய் நுழைகிற இடம் இருக்கும். ரெங்கராஜ் கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டார். “பொண்டாட்டி பேச்சைக் கேட்டு நான் இதுவரைக்கும் செவுத்துல முட்டினதில்லைங்க” என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அன்று நிறுத்து என்ற பொருளில் தொடங்கியது, பிறகு தலைகால் தெரியாமல் வளர்ந்துவிட்டது. கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டுக் கையை நீட்டுகிறவர்களுக்கு வெட்டிச் சொல்கிற ஓகே ஒன்று உண்டு: எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி பண்ணுங்கள் என்று அர்த்தம். “ஓகேவா?” என்று வாலை நீட்டினால், நான் சொன்னதுதான் முடிவு, மேலே பேச வேண்டாம் என்று அர்த்தம். மகளுக்கு வரன் பார்த்த காலத்தில் தரகரிடம் தன் தீர்ப்பை ஒரே மூச்சில் சொன்னார்: “பையன் ஓகே. குடும்பம் ஓகே ஓகே.” தரகர் அடுத்த ஜாதகத்தைத் தேடப் போய்விட்டார். ஒரு ஓகேக்கு இருக்கிற மரியாதை இரண்டு ஓகேக்குக் கிடையாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

சண்டைக்கும் அதே சொல்தான். தெருவில் தண்ணீர் லாரிக்காரன் கூடைமேல் சேற்றை வாரியடித்துவிட்டுப் போனால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஓகே! ஓகேடா! நாளைக்கும் இதே வழியாத்தானே வருவ!” என்பார். மறுநாள் அந்த லாரி தெருமுனையில் ஊர்ந்துதான் திரும்பும்.

ஆனால் இந்தச் சொல் எவ்வளவு மெதுவாகவும் பேசும் என்பது சாரா பீவிக்குத்தான் தெரியும். கடைக்கு எதிர்வீட்டு சாரா பீவியின் கணவர் துபாயில் மாரடைப்பில் மவுத்தாகிப்போனார் என்ற சேதி வந்த அன்று, பெண்கள் நிறைந்திருந்த அந்தக் கூடத்துக்குள் ஈரக் கையோடு போய் உட்கார்ந்தார் பானுமதி. என்ன சொல்லி ஆற்றுவது? ஆறுதல் சொல்லத் தெரிந்த வாய் அவருடையதல்ல. பீவியின் முதுகைத் தடவிக்கொண்டு, “ஓகேம்மா... ஓகே... ஓகே...” என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தையைத் தூங்க வைக்கிற ராகம் அது. “அன்னிக்கு எத்தனையோ பேரு என்னென்னமோ சொன்னாங்க. பானுக்கா சொன்னது மட்டுந்தான் காதுல ஏறுச்சு” என்று பீவி இன்றும் சொல்வார்.

இப்படி ஊரெல்லாம் இறைத்துக்கொண்டு திரிகிற சொல்லுக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் தங்கத்தின் மதிப்பு. அது ரமலான் மாதத்தில், பள்ளிவாசலின் பக்கவாட்டில் இருக்கும் தகரக் கொட்டகையில், நோன்புக் கஞ்சி கொதிக்கிற அண்டாவின் ஓரத்தில்.

அந்தக் கஞ்சியைக் காய்ச்சுகிறவர் முஜிபுர் ரஹ்மான். நாற்பதைத் தாண்டிய, வாட்டசாட்டமான ஆள். நொய்யும் பாசிப்பருப்பும் கைமாக் கறியும் வெந்தயமும் அவர் கைக்குப் பணிந்து நடக்கும். ஆனால் அவரும் நோன்பாளி. உப்பு பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று அனுமதி இருக்கிறது என்பார்கள். “அனுமதி இருக்கு. எனக்குத்தான் மனசு ஒப்பல” என்பார் முஜிபுர். பத்துப் பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், புதினாக் கட்டைக் கொடுக்க வந்த பானுமதியிடம் ஒரு கரண்டியை நீட்டி, “அக்கா, லேசா வாயில விட்டுப் பாருங்களேன்” என்றார். பானுமதி குடித்தார். “ஓ...கே” என்று இழுத்தார். அந்த இழுப்பைக் கேட்டு முஜிபுர் இன்னும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார். அன்று மாலை தெருவே கஞ்சியைப் புகழ்ந்தது.

அதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் பானுமதி முகம் கழுவி, வெற்றிலை போட்ட வாயைக் கொப்பளித்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்கு வருவார். கரண்டி நீளும். கொட்டகையில் ஒருவரும் பேச மாட்டார்கள். சட்டென்று ஓகே விழுந்தால் அடுப்பை அணைக்கலாம். இழுத்தால் உப்பு. மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொன்னால் இஞ்சி தூக்கல். அவர் சொன்ன பிறகுதான் தூக்குவாளியோடு நிற்கும் தெருச் சனத்துக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள். அந்த ஒரு மாதம் பானுமதியின் நடையே வேறு. தாசில்தார் தோற்றார் போங்கள்.

இந்த வருடம், நோன்பு பாதி கடந்திருந்த சமயத்தில், பானுமதிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் படுத்துவிட்டு, மூன்றாம் நாள் மூக்கடைப்போடு கடைக்கு வந்தார். அந்த இரண்டு நாளும் முஜிபுர் கைக்கணக்கிலேயே கஞ்சியை இறக்கியிருந்தார். “சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்க மாட்ட, நானும் வரேன்” என்று ரெங்கராஜும் கூடவே கிளம்பிவிட்டார். வண்டி ஓட்டுவதை நிறுத்தி வீட்டில் இருக்கிற மனிதர். அவருக்கும் வெளியே வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

வழக்கமான நேரத்தில் பானுமதி அண்டா ஓரம் போய் நின்றார். கரண்டி நீண்டது. குடித்தார். சூடு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு வாய் குடித்தார். வெந்நீர்தான்.

முஜிபுர் புருவத்தைத் தூக்கினார். “அக்கா?”

பானுமதி வழக்கம்போல ஓர் ஓகேயைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். முஜிபுரின் கையளவு தப்புவது எப்போதோ ஒருநாள்தான். ஆனால் இன்றைக்குப் பார்த்து அந்த ஒருநாளாக இருந்துவிட்டால்? வெளியே நானூறு ஐந்நூறு பேர். விடிவதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்தவர்கள், இந்த மார்ச் மாத வெயிலில் உமிழ்நீரைக்கூட யோசித்து விழுங்குகிறவர்கள். பொழுது சாய்ந்து முதல் வாய் வைக்கும்போது முகம் சுளித்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

“தம்பி, நாக்கு செத்துக் கெடக்குப்பா. எனக்கு ஒண்ணும் தெரியல” என்றார்.

சொல்வதற்குள் கண் கலங்கிவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இவ்வளவு வெட்கப்படுவார் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

முஜிபுர் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். கொட்டகைக்குள் இருக்கும் அத்தனை பேரும் நோன்பாளிகள். பானுமதி சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில், தூணில் சாய்ந்துகொண்டு, ஆவி பறக்கிற அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார் ரெங்கராஜ்.

“இவரு இருக்காருல்ல! ருசி பாத்துச் சாப்புடுற மனுசன். அந்தக் காலத்துல ஓட்டல் ஓட்டலா ஏறி எறங்குனவரு. ஏங்க, இங்க வாங்க!”

ரெங்கராஜுக்குத் தலைகால் புரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார். கண்கள் விரிந்தன.

“அய்யய்யோ, உப்புக் கரிக்குதே!”

முஜிபுர் திகைத்தார். “நான் எப்பவும் போடுற அளவுதாங்க போட்டேன்.”

“தொண்டைய அறுக்குது தம்பி. கடத்தண்ணி தோத்துச்சு.”

நாக்கு சொன்ன பிறகு கை பேசக்கூடாது. முஜிபுர் வெந்நீரை ஊற்றினார். மிச்சமிருந்த தேங்காய்ப்பாலை ஊற்றினார். துடுப்பைப் போட்டுக் கிளறினார். ரெங்கராஜ் மறுபடி குடித்தார். “இன்னும் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு.” மேலும் வெந்நீர். நீர்த்துப்போகாமல் இருக்க, தனியாக வெந்த நொய்யைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மூன்றாவது வாயில் ரெங்கராஜ் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். “இப்பதான் அமிர்தம்!”

முஜிபுரின் பார்வை வழக்கம்போலப் பானுமதியிடம் வந்து நின்றது. புருசன் தலையாட்டிவிட்டார், இவர் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பானுமதி நிமிர்ந்தார்.

“ஓகே” என்றார், சட்டென்று.

அடுப்பு அணைந்தது. தூக்குவாளிகள் நிறைந்து வீடுகளுக்குப் போயின.

கடையை எடுத்து வைத்துவிட்டு, இருவரும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ரெங்கராஜுக்கு இன்னும் மிதப்பு இறங்கவில்லை. காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன.

“என்னா ருசிங்கற பானு! மொதல்ல என்னமோ வாயிலயே வைக்க முடியல. நான் சொல்லச் சொல்ல அந்தத் தம்பி சரி பண்ணாப்புல பாரு, கடைசியில அப்படியே நம்ம வீட்டுச் சாப்பாடு மாதிரி ஆயிடுச்சு.”

“என்னது?”

“அச்சு அசல் நம்ம வீட்டுச் சாப்பாடு.”

பானுமதி அவரையே பார்த்தார். போன வருடம் ரெங்கராஜுக்கு ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைப்பதாவது, அரைகுறை வேலையெல்லாம் பானுமதியிடம் கிடையாது. ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போனது. அப்பளம் ஒழிந்தது. சாம்பாரில் உப்பு பேருக்கு; தனக்கு மட்டும் தட்டில் தனியாகத் தூவிக்கொள்வார். ஒரு வருடமாக அதைத் தின்று தின்று அந்த மனிதரின் நாக்குக்கு ஒரு சிட்டிகை உப்பே சமுத்திரமாகிவிட்டது. ஆக்கிப் போட்டவரே அதை மறந்துவிட்டு, உலகத்தில் வேறு ஆளே இல்லாததுபோல அவரைக் கூப்பிட்டுக் கரண்டியைக் கொடுத்திருக்கிறார். போதாக்குறைக்குத் தன் வாயால் ஓகே வேறு.

“அடப்பாவி மனுசா!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மாம்பழச்சாலையில் இறங்கி, கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எதிரே வந்த ஆட்டோவில் ஏறினார் பானுமதி. பாலத்தில் ஆட்டோ நகர்வதாக இல்லை. மேற்கே சூரியன் இறங்குவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை முட்டியது. அந்த ஐந்நூறு பேருக்கும் விசயம் தெரியாது. கஞ்சி காய்ச்சியவருக்கும் தெரியாது. சூரியன் மறைகிறவரை ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இனி அந்த அண்டாப் பக்கம் தன்னை யார் கூப்பிடப்போகிறார்கள்?

பள்ளிவாசலுக்குள் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, கஞ்சிக் கிண்ணங்களும் பேரீச்சம்பழமும் வடையும் முன்னால் இருக்கக் காத்திருந்தார்கள். கொட்டகை வாசலில் நின்று பானுமதி மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தார். “தம்பி, தப்பு என்னுதுப்பா. இவரு ஒரு வருசமா உப்பில்லாம தின்ன ஆளு. அவரு நாக்கை நம்பித் தண்ணிய ஊத்தச் சொல்லிட்டோம். கஞ்சியில உப்பே இருக்காது.”

முஜிபுர் என்ன நினைத்தாரோ, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். நோன்பின் கடைசி நிமிடங்களில் அப்படிச் சிரிக்கத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே உப்பு மூட்டையை அவிழ்த்துத் தட்டுத் தட்டாகக் கொட்டி வரிசைகளுக்கு அனுப்பினார். பாங்கு சொல்லக் காத்திருந்த மோதினாரின் காதில் ஏதோ சொன்னார். ஒலிபெருக்கி கரகரத்தது.

“வீட்டுக்குக் கஞ்சி வாங்கிட்டுப் போனவங்க கவனத்துக்கு. இன்னிக்குக் கஞ்சியில உப்புக் குறைவு. அவங்கவங்க வீட்ல போட்டுக்கங்க.”

தெரு முழுக்கக் கேட்டது. பானுமதி தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாங்கு முடிந்தது. நோன்பு திறந்தார்கள். உப்புத் தட்டு கைமாறிக் கைமாறி வரிசையில் நகர்ந்தது. எடுத்தவர்கள் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிவிட்டுப் பக்கத்து ஆளுக்குத் தள்ளினார்கள். கடைசி வரிசையிலிருந்து செல்போன் கடை சர்ஃபராஸ் குரல் கொடுத்தான். “முஜி பாய், உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னாங்க. உப்பே போடாதவங்கள என்னா பண்றது?”

“அவங்களையும் நெனைச்சுக்க, கொறைஞ்சா போயிடுவ?” என்றார் முஜிபுர். பள்ளிவாசலே சிரித்தது.

கொட்டகையில் கிடந்த பெஞ்சில் பானுமதியும் ரெங்கராஜும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கிண்ணங்களோடும் ஒரு உப்புத் தட்டோடும் முஜிபுர் வந்தார். ஊரில் அந்தக் கஞ்சி அப்படியே பிடித்துப்போனது ரெங்கராஜுக்கு மட்டும்தான். அவர் முதல் கிண்ணத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, “இன்னொண்ணு கெடைக்குமா தம்பி?” என்றார். பானுமதி முறைத்த முறைப்பில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“நாளைக்கும் அதே நேரத்துக்கு வந்துருங்கக்கா” என்றார் முஜிபுர்.

“வெளையாடாத தம்பி. சளி போக இன்னும் நாலஞ்சு நாளாகும். வேற யாரையாச்சும் பாத்துக்க.”

“வேற யாரு? எல்லாருந்தான் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்ற ஆளுக்கு நான் எங்க போறது? சளி போற வரைக்கும் உப்பைத் தட்டுல வச்சுக்கறோம். நீங்க வந்து நில்லுங்க, போதும்.”

பானுமதி தட்டைக் கிட்டே இழுத்தார். தட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக் கலக்கினார். போதுமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கிண்ணத்தை முஜிபுரிடம் நீட்டினார்.

நோன்பு திறந்துவிட்ட முஜிபுர் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இரண்டு விரலால் இன்னும் துளி உப்பை எடுத்துப் போட்டு, நிதானமாகக் கலக்கி, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.